காலி வண்டியின் எடை

முதல் பாட்டு முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை.
முடிந்துவிட்டது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.
கல்மண்டபம், டிவி ரிப்பேர் கடைக்கு மேல்மாடி.
எழுபது பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள்.
வந்தது நாற்பத்து மூன்று பேர்.
எண்ணினேன். எண்ணுவதுதான் என் பிழைப்பு.

மேடை என்று ஒன்றில்லை.
ஒரு ஸ்டூல், ஒரு கிடார், ஒரு பிளாஸ்க் வெந்நீர்,
அம்புரோஸ்.
‘ஒன்பதாம் நம்பர் கிரேன்’ அம்புரோஸ்.
டிரம்ஸ் அடித்த எட்டியப்பன் கத்தாரில் இருக்கிறான்,
போனில் கேட்டால்
மகள் கல்யாணத்தைப் பற்றித்தான் பேசுகிறான்.

கத்துவான் என்று வந்தோம்.
மறைக்க என்ன இருக்கிறது, அதற்குத்தான் வந்தோம்.
தொண்ணூற்றாறில், ராயபுரம் பள்ளி மைதானத்தில்
‘சங்கு ஊதிட்டான்’ பாட்டின் கடைசியில்
பதினோரு விநாடி கத்தினான்.
பக்கத்துத் தெரு நாய்கள் பதில் சொல்லி ஓய
நடுராத்திரி ஆனது.
அதைப் பழகப் போய்த் தொண்டை கட்டிக்கொண்ட ஜபருல்லாவை
பெண் பார்க்கப் போன வீட்டில்
ஊமை என்று நினைத்துவிட்டார்கள்.
குணபூஷணம் முன்கையில் கிரேனைப் பச்சை குத்திக்கொண்டான்;
இன்றைக்கும் அதன் கொக்கி
மணிக்கட்டு வரை தொங்குகிறது.

புது ஆல்பத்தின் பெயர் ‘இரண்டாம் ஷிப்ட்’.
ஒன்பது பாட்டு, பென் டிரைவில், இருநூற்றைம்பது ரூபாய்.
ஒன்பதிலும் கத்தல் இல்லை.
வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்பாமல்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
வேலைக்குக் கிளம்புகிறவனைப் போலப் பாடினான்.

“இன்னாடா இது,
சர்ச்சுல அறிவிப்பு வாசிக்கிற மாரி கீது”
என்றான் குணபூஷணம்.
“கம்முனு கேளேன்” என்றாள் மெர்சலின்.
அவளும் கேட்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பின்வரிசையிலிருந்து யாரோ “சங்கு! சங்கு!” என்றார்கள்.
அம்புரோஸ் வெந்நீர் குடித்தான்.
மூடியைத் திருகி மூட
நிறைய நேரம் எடுத்துக்கொண்டான்.

எனக்கு மணலியில் எடைமேடையில் வேலை.
லாரி சரக்கோடு ஏறும், ஒரு சீட்டு.
இறக்கிவிட்டுத் திரும்பி வந்து ஏறும், இன்னொன்று.
இரண்டாவது சீட்டை யாரும் பார்ப்பதில்லை,
அதைக் கழித்து வருவதுதான் காசு.
ஆனால் காலி வண்டிக்கும் எடை உண்டு,
பத்து டன், பதினொன்று.
அவ்வளவையும் அது
எல்லா நாளும் சுமந்துகொண்டுதான் போகிறது.

இதை அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
ஐந்தாவது பாட்டு எனக்கும் பிடிக்கவில்லை.
கடலைப் பற்றியது.
கடலைப் பற்றி எல்லாரும்தான் பாடுகிறார்கள்.

முடிந்ததும் குணபூஷணம் நேராகப் போய் நின்றான்.
“துட்ட குடு தல. இது நீ இல்ல.”
கூடம் அடங்கியது.
அம்புரோஸ் சட்டைப் பையில் தேடி
இரண்டு நூறு, ஒரு ஐம்பது எடுத்து நீட்டினான்.
ஐம்பது கிழிந்திருந்தது. வேறு மாற்றிக் கொடுத்தான்.
குணபூஷணம் வாங்கிப் பையில் வைத்தான்.
அதே பையில்தான் பென் டிரைவும் இருந்தது.
அதைத் திருப்பிக் கேட்க
யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியதோ என்னவோ.

நாலாவது பாட்டு கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்.
அதில் ஒன்றுமே நடக்காது.
கேட் மூடியிருக்கும், கூட்ஸ் போகும்,
ஒருவன் வேகன்களை எண்ணுவான்,
நாற்பத்தொன்றில் எண்ணிக்கை தவறிப்போகும்.
அங்கே கிடாரும் நின்று
மூச்சு மட்டும் கேட்கும், கொஞ்சம் சளியோடு.
அழித்திருக்கலாம் அந்தச் சத்தத்தை. அழிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை
அதே கேட்டில் நின்றேன்.
இருபது நிமிடம், வெயில், டீசல், முன்னும் பின்னும் ஹாரன்.
முன்னால் ஒரு டிவிஎஸ்.
ஹேண்டிலில் ஊன்றிய கையில் பச்சைக் கிரேன்.
குணபூஷணம் என்னைப் பார்க்கவில்லை.
ஹெல்மெட்டுக்குள் முனகிக்கொண்டிருந்தான்,
சுருதி சேரவில்லை, வரியும் பாதிதான்.
முப்பத்தொன்பது, நாற்பது,
நாற்பத்தொன்று.
நிறுத்தினான்.
சரியாக அங்கே.
மூச்சு விட்டான்.

கேட் திறந்தது. போய்விட்டான்.
அந்த இருநூற்றைம்பதைப் பற்றி
நான் கேட்கவில்லை.